தொடுப்பும் உடைமையும்: மீயுரை, சமூக ஊடக ஆய்வுச் செயலமர்வுகள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

1

தமிழியல் ஆய்வுத் துறையிலே அண்மைக் காலமாக மீயுரை பற்றியும் சமூக ஊடகங்கள் பற்றியும் செயலமர்வுகள் பல நடைபெற்று வருகின்றன. பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் இவற்றை ஒழுங்குசெய்கின்றன. ஏட்டுச் சுவடியும் அச்சு நூலும் மாத்திரமே இலக்கிய ஆய்வுக்குரியன என்ற நிலை மாறி, கைத்தொலைபேசித் திரையில் எழுதப்படுவனவும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுவது வரவேற்கத்தக்கதே. எழுத்து வாழும் இடத்துக்கு ஆய்வாளன் செல்லவேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆயினும் இச்செயலமர்வுகள் எதனைக் கற்பிக்கின்றன, எதனைக் கற்பியாது விடுகின்றன என்ற வினா போதியளவு எழுப்பப்படவில்லை. நாம் பங்குகொண்டனவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒரே வகையினது. காலை அமர்வில் மீயுரையின் வரலாறும் பின்னமைப்பியல் கோட்பாடும் எடுத்துரைக்கப்படும். நண்பகலுக்குப் பின்னர் பதிவுகளைத் திரட்டவும் சொற்களை எண்ணவும் பகிர்வுகளை வலைப்பின்னல் வரைபடமாக்கவும் மென்பொருட்கள் அறிமுகமாகும். மாலையில் சான்றிதழ் வழங்கப்படும். மாணவர் ஒரு கருவியைக் கையாளக் கற்றுச் செல்கின்றனர். அக்கருவி யாருடைய உடைமை, அது திரட்டித் தரும் எழுத்து எத்தகைய வாழ்நிலையிலிருந்து பிறந்தது என்பன நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுவதில்லை.

இக்கட்டுரை ஆலையடிவேம்பிலிருந்து எழுதப்படுகின்றது. அக்கரைப்பற்றோடு ஒட்டிய இவ்வூரிலிருந்து வடக்கே அட்டாளைச்சேனை, பாலமுனை என்பவற்றைக் கடந்தால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகியது. மேலும் வடக்கே காரைதீவும் சாய்ந்தமருதும் கல்முனையும் அமைந்துள்ளன. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து அமைந்த கரையோரம் இது. இரு சாராரதும் தாய்மொழி தமிழே. உள்நாட்டில், பேருந்தில் சென்று மீளத்தக்க தொலைவில், மாவட்டத்தின் தலைநகரான அம்பாறை உள்ளது. இங்கிருந்து நோக்குமிடத்துச் சமூக ஊடகம் கோட்பாட்டு வியப்பாகத் தோன்றுவதில்லை. 2018 பெப்ரவரியில் ஓர் உணவகத்தையும் ஒரு பள்ளிவாசலையும் தாக்கிய கும்பலோடு சேர்த்தே அது நினைவுக்கு வருகின்றது.

மீயுரையின் அடிப்படை அலகு தொடுப்பு ஆகும். ஒரு பனுவலின் ஓரிடத்திலிருந்து மற்றொரு பனுவலுக்குச் செல்ல வழிசெய்யும் இணைப்பு அது. செயலமர்வுகள் இதனை ஒரு தொழினுட்ப ஏற்பாடாகக் கற்பிக்கின்றன. தொடுப்பு அடிப்படையில் ஒரு சமூக உறவு என்பதே எமது வாதம். யார் தொடுக்கிறார், யார் அறுக்கிறார், தொடுப்பு யாருடைய உடைமை, எந்தத் தொடுப்பு இன்னும் இடப்படவில்லை என்ற வினாக்கள் இன்றி நடைபெறும் ஆய்வு, எத்துணை நவீனமான கருவியைக் கொண்டிருப்பினும், பழைய உருவவாதத்தின் மறுபதிப்பாகவே அமையும்.

2

மீயுரை பற்றிய சிந்தனையின் வரலாறு பொதுவாக 1945இல் வன்னேவர் புஷ் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கப்படும். அறிவுத் துணுக்குகளை நினைவின் போக்கில் இணைத்துவைக்கும் இயந்திரம் ஒன்றை அதில் அவர் கற்பனை செய்தார். அவர் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவின் விஞ்ஞான ஆராய்ச்சிகளை நெறிப்படுத்திய நிருவாகி என்பதும், ஆய்வறிக்கைகளின் பெருக்கமே அவரை எழுதத் தூண்டியது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. 1965இல் டெட் நெல்சன் மீயுரைக்கான ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். 1989இல் டிம் பேர்ணர்ஸ்-லீ சுவிற்சர்லாந்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் முன்வைத்த திட்டம் இன்றைய இணையமாக வளர்ந்தது.

இவ்வரலாற்றில் ஒரு முக்கியமான கிளைப்பாதை உண்டு. நெல்சனின் திட்டத்தில் தொடுப்பு இருவழிப்பட்டது. ஒரு பனுவலின் பகுதி வேறோரிடத்தில் எடுத்தாளப்பட்டால், அப்பகுதி தன் மூலத்தோடு அறாத தொடர்பு கொண்டிருக்கும். மூலத்தை எழுதியவருக்கும் தம் எழுத்து எங்கே சென்றது என்பது தெரியவரும். நடைமுறைக்கு வந்த இணையத்திலோ தொடுப்பு ஒருவழிப்பட்டது. அதனை ஏற்படுத்துவதும் எளிது, அது அறுந்துபோவதும் எளிது. உலகெங்கும் இணையம் விரைந்து பரவியமைக்கு இவ்வெளிமையே காரணம். துண்டொன்று தன் மூலத்தை இழந்து அலைவதற்கும் அதுவே வழிவகுத்தது. இவ்வேறுபாடு எமது ஆய்வுக்கு எத்துணை இன்றியமையாதது என்பது அம்பாறைச் சம்பவத்தை நோக்கும்போது புலனாகும்.

கோட்பாட்டுத் தளத்தில் ஜோர்ஜ் லாண்டோ 1992இல் வெளியிட்ட நூலே பெரும்பாலான செயலமர்வுகளுக்கு மூலநூல். பார்த், டெரிடா முதலியோர் பனுவல் பற்றிக் கூறியவை மீயுரையில் கண்கூடாக நிறைவேறுகின்றன என்பது அவரது வாதம். ஆசிரியனின் அதிகாரம் தளர்கின்றது. வாசகன் தன் பாதையைத் தானே தெரிந்து, ஒருவகையில் எழுத்தாளனும் ஆகின்றான். இவ்வாதம் எழுந்த காலத்தின் மீயுரை வளாகங்களின் கணினிகளில், மாணவரும் ஆசிரியரும் கூடி ஆக்கிய சிறு உலகம் என்பதை மறக்கலாகாது. அங்கே பாதையைத் தெரிந்தவன் உண்மையிலேயே வாசகன்தான். முகநூலில் வாசகனின் முன் எந்தப் பதிவு வரவேண்டும் என்பதை நிறுவனத்தின் கணினிக் கட்டளைத் தொகுதி தீர்மானிக்கின்றது. முன்னையதற்காக எழுதப்பட்ட கோட்பாட்டைப் பின்னையதன்மேல் அப்படியே போர்த்துவது, ஆசிரியன் இறந்தான் என அறிவித்துவிட்டு முதலாளி உயிரோடிருப்பதைக் காண மறுப்பதாகும்.

தமிழறிஞரிடையே மற்றொரு போக்கும் காணப்படுகின்றது. மூலத்தைச் சூழ உரையும், உரைக்குள் மேற்கோளும், மேற்கோளுக்கு விளக்கமுமாக விரியும் எமது உரைமரபே மீயுரை என்று பெருமிதம் கொள்வது அது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நச்சினார்க்கினியரின் மேற்கோளைப் பின்தொடர்ந்து மூலநூலை அடையக்கூடியவன் அந்நூலைப் பாடங்கேட்டவன் ஒருவனே. ஏடும் ஆசிரியனும் மடமும் எட்டாத பெரும்பான்மையோருக்கு அத்தொடுப்பு இருந்தும் இல்லாததே. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்ததும், உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணி தொடங்கி, ஒப்புமைப் பகுதிகளும் அகராதிகளும் கொண்ட பதிப்புகளை வெளியிட்டதும் அந்நிலையை மாற்றின. அச்சு, பள்ளிக்கூடம், புதிய வாசகர் கூட்டம் என்னும் சமூக மாற்றங்கள் இன்றேல் அத்தொடுப்புகள் பொதுச்சொத்தாகியிரா. உரைமரபு எமக்குக் கற்பிக்கும் பாடம் பெருமிதம் அன்று. தொடுப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு நிறுவனமும் ஒரு வாசகர் வர்க்கமும் உண்டு என்பதே.

3

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில் உணவில் காணப்பட்ட ஒரு கட்டியைச் சுட்டி, கருத்தடை மருந்து கலக்கப்பட்டதாகச் சிலர் குற்றஞ்சாட்டினர். காசாளர் இடத்தில் இருந்தவர் சிங்களம் சரிவர அறியாதவர். சூழ நின்று மிரட்டியோரின் கேள்விக்கு அவர் தலையாட்டினார். ஆம் என்ற பொருள்பட ஏதோ சொன்னார். அது காணொளியாகப் பதிவாகியது. அவ்விரவிலேயே உணவகமும் அருகிலிருந்த பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. காணொளி முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் நாடெங்கும் பரவியது. அக்கட்டி மாவுப்பொருளே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்கக்கூடிய அத்தகைய மாத்திரை எதுவும் இல்லை என மருத்துவத் துறையினரும் விளக்கினர். விளக்கம் வருவதற்குள் மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் கலவரம் மூண்டது. அதற்கு உடனடிக் காரணம் வேறாயினும், அம்பாறைக் காணொளி விதைத்த அச்சம் அக்களத்தில் ஏற்கெனவே விளைந்திருந்தது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மார்ச் 7 முதல் ஏறத்தாழ ஒரு வாரம் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது.

இதனை ஒரு பனுவலாக வாசிப்போம். இலக்கிய விமர்சகனுக்கு இதில் செய்வதற்கு நிறைய உண்டு. முதலாவதாக, இங்கே ஒரு உரையாடல் நிகழ்கின்றது. கேட்பவரின் மொழி அரசின் மொழி. 1956இன் மொழிச் சட்டம் முதல் அம்மொழிக்குள்ள அதிகாரம் அக்கேள்வியில் அடங்கியுள்ளது. பதில் சொல்பவரின் மொழி தமிழ். தலையாட்டல், இக்கரையோரத்தில் மொழி தெரியாத அலுவலகத்தில் நிற்கும் எவரும் அறிந்த ஒரு மெய்ப்பாடு. புரிந்தது என்பதைவிட, என்னை விட்டுவிடுங்கள் என்பதே அதன் பொருள். மொழிச் சமத்துவமின்மை என்ற சமூக உண்மையே அதன் சூழல்.

இரண்டாவதாக, காணொளி அச்சூழலை வெட்டி எறிகின்றது. சட்டகத்துக்குள் ஒரு முகமும் ஒரு தலையாட்டலும் மாத்திரம் எஞ்சுகின்றன. மெய்ப்பாடு வாக்குமூலமாகின்றது. மூன்றாவதாக, ஒவ்வொரு பகிர்வும் ஒரு தலைப்பைச் சேர்க்கின்றது. மூலத்தோடு தொடர்பின்றி ஒருவர் இறக்கி வேறொருவர் ஏற்றும் துண்டாக அது பெருகுகின்றது. பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கும் அத்துண்டுக்கும் இடையே தொடுப்பு எதுவும் இல்லை. அறிக்கையை வாசித்தவரும் காணொளியைப் பார்த்தவரும் வெவ்வேறு கூட்டத்தினராகவே இருந்திருக்கக்கூடும். நெல்சன் கனவு கண்ட இருவழித் தொடுப்பு இல்லாமையின் விலையை அம்பாறையில் அந்தக் காசாளர் செலுத்தினார்.

பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு, வாய்மொழிப் புலவர் கையாண்ட வாய்பாட்டுத் தொடர்களை ஆராய்ந்தது. கேட்போருக்கு முன்னரே பழக்கமான தொடர்கள் என்பதாலேயே அவை கேட்ட மாத்திரத்தில் பொருள் தந்தன. இன்றைய வட்ஸ்அப் குரற்பதிவும் அத்தகைய வாய்பாடுகளால் ஆனது. ‘நம்மட ஆள் ஒருத்தர் நேர்ல கண்டவர்’, ‘உடன எல்லாருக்கும் அனுப்புங்க’ என்ற தொடர்களுக்கு ஆசிரியன் இல்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு சமூகம் உண்டு. வீரயுகப் பாடலையும் குரற்பதிவையும் மதிப்பால் ஒப்பிடுவது எமது நோக்கமன்று. வாய்மொழியின் வாய்பாட்டைச் சமூக அமைப்போடு இணைத்து ஆராயும் முறை எம்மிடம் ஏலவே உள்ளது என்பதை நினைவுபடுத்துவதே நோக்கம்.

4

இத்தகைய நிகழ்வுகளை விளக்கும்போது இரு தவறுகள் நேர்கின்றன. தொழினுட்பமே கலவரத்தை உண்டாக்கியது என்பது ஒன்று. தொழினுட்பம் வெறும் ஊடகமே, மனித மனத்தின் வெறுப்பே காரணம் என்பது மற்றது. முன்னையது அரசுக்கு வாய்ப்பானது, பின்னையது நிறுவனத்துக்கு வாய்ப்பானது.

முன்னையதை மறுக்க 1915ஆம் ஆண்டே போதும். அக்கலவரத்தில் வதந்திகள் வாய்வழியாகவும் துண்டுப்பிரசுரங்கள் வழியாகவும் ஊர் ஊராகப் பரவின. பெரஹராவும் பள்ளிவாசலும் பற்றிய தகராறு வெளித்தோற்றம். கரையோர முஸ்லிம் வணிகருக்கும் வளர்ந்து வந்த சிங்கள வணிகருக்கும் இடையிலான போட்டியும், போர்க்கால விலையேற்றமும் அதன் பொருளாதார அடிப்படையைச் சேர்ந்தன. குமாரி ஜயவர்த்தன 1970இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுறுத்தியது. அம்பாறையிலும் மாத்திரை பற்றிய வதந்தி வெற்றிடத்தில் தோன்றவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் குடியேற்றமும், 1956இன் கல்லோயா வன்செயலும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையும் நிலத்தையும் நீரையும் இனக் கணக்காக மாற்றின. 2012 முதல் நிகழ்ந்த ஹலால் எதிர்ப்புப் பிரசாரம் முஸ்லிம் வணிகத்தையும் முஸ்லிம் பிறப்புவிகிதத்தையும் ஒரே அச்சத்தில் பிணைத்தது. உணவகம், மாத்திரை, மலட்டுத்தன்மை என்ற மூன்றும் ஒரு காணொளியில் சேர்ந்தது தற்செயலன்று.

பின்னைய தவறும் அவ்வாறே மறுக்கப்படவேண்டும். முகநூல் நிறுவனம் 2018இல் பெற்ற வருமானத்தில் நூற்றுக்கு 98 வீதத்துக்கும் மேற்பட்டது விளம்பரத்தால் வந்தது. ஒலிபரப்பு நிறுவனங்கள் விளம்பரதாரருக்கு விற்பது நிகழ்ச்சியை அன்று, கேட்போரின் கவனத்தையே என டலஸ் ஸ்மைத் 1977இலேயே வாதிட்டார். சமூக ஊடகத்தில் அக்கவனத்தை ஈர்க்கும் பண்டத்தையும் வாசகனே கூலியின்றி உற்பத்தி செய்கின்றான். 2018 ஜனவரியில், பயனாளரிடையே கருத்துப் பரிமாற்றத்தைத் தூண்டும் பதிவுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அம்பாறைச் சம்பவம் அடுத்த மாதம் நிகழ்ந்தது. ஒன்றை அடுத்து மற்றொன்று வந்தமையால் மட்டும் காரணகாரியத் தொடர்பு நிறுவப்பட்டதாகாது. எனினும் சினமும் அச்சமும் கருத்துப் பரிமாற்றத்தை மிகுவிப்பன என்பதையும், சிங்களமும் தமிழும் அறிந்த மேற்பார்வையாளரை அமர்த்துவது அந்நிறுவனத்துக்குச் செலவு என்பதையும் மறுப்பார் இலர். 2020 மே மாதத்தில் அந்நிறுவனம், தான் அமர்த்திய மதிப்பீட்டை வெளியிட்டு, இலங்கையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதால் நேர்ந்த பாதிப்புகளுக்கு மன்னிப்புக் கோரியது.

வதந்திக்கு அடித்தளமான முரண்பாடு மண்ணில் உள்ளது. அதனை எந்த வேகத்தில், யார் முன் கொண்டுசெல்வது என்ற தீர்மானம் இலாபத்தில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இயங்கியல் நோக்கு.

5

இனி ஆய்வின் நிலைமையை நோக்குவோம். இலங்கையில் இத்துறையில் பயனுள்ள ஆய்வுகள் இல்லாமலில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 செப்டெம்பரில், அளுத்கமைக் கலவரம் நிகழ்ந்து மூன்று மாதங்களில், முகநூலில் வெறுப்புப் பேச்சுப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 20 முகநூற் பக்கங்களையும் குழுக்களையும் அது ஆராய்ந்தது. அம்பாறைக்கு நான்காண்டுகளுக்கு முன் விடுக்கப்பட்ட அவ்வெச்சரிக்கையின் பெறுமதி பெரிது. 2020இல் லேர்ண் ஏசியா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பத்தாண்டுக் கால இலங்கை முகநூற் பதிவுகளைத் திரட்டிச் சிங்கள மொழித் தரவகம் ஒன்றை அமைத்தனர். முன்னைய ஆய்வின் களம் பெரும்பாலும் சிங்களப் பக்கங்கள். பின்னையதன் நோக்கம் சிங்கள மொழி. இவை அவற்றின் குறையல்ல. தமிழுக்கு இதற்கீடான பணியைச் செய்யவேண்டியோர் தமிழ்த் துறையினரே.

அப்பணிக்குரிய வாயில் இதற்கிடையில் சுருங்கிவிட்டது. 2018 ஏப்ரலில், தேர்தல் ஆலோசனை நிறுவனம் ஒன்று முகநூற் பயனாளரின் தகவல்களைப் பெற்றமை அம்பலமானதை அடுத்து, வெளியார் தரவு பெறும் வழிகளை அந்நிறுவனம் பெரிதும் அடைத்தது. டுவிட்டர் நிறுவனம் 2023இல் இலவசத் தரவு வழியை நிறுத்தியது. பொதுப் பதிவுகளைத் தேடுவதற்கு ஆய்வாளரும் ஊடகவியலாளரும் நம்பியிருந்த கிரௌட்டாங்கிள் என்ற கருவி 2024 ஆகஸ்ட் 14இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டில், ஆய்வாளர் விண்ணப்பித்து இசைவு பெற்று, நிறுவனம் வகுத்த எல்லைக்குள் நின்றே தரவுகளைப் பார்க்கலாம். செயலமர்வில் மாணவன் கற்ற கருவி, அவன் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் முன்னரே இல்லாமற்போகும் நிலை இது.

இதன் பொருளை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். 1915இல் என்ன நடந்தது என்பதை ஆராய விரும்புபவன் அக்காலப் பத்திரிகைகளையும் காலனித்துவ அரசின் கடிதங்களையும் சுவடிக்கூடங்களில் சென்று பார்க்கலாம். 2018இல் அம்பாறையில் என்ன நடந்தது என்பதை 2118இல் ஆராய விரும்புபவன் எங்கே செல்வான்? காணொளிகளும் பின்னூட்டங்களும் பகிர்வுகளும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிகளில் உள்ளன, அல்லது அழிக்கப்பட்டுவிட்டன. எமது மக்கள் எமது மொழியில் எழுதியவை, எம்மைச் சுட்டவை, எமக்கு உடைமையல்ல.

அரசு இவ்விடத்தில் குறுக்கிட்ட விதமும் கவனத்துக்குரியது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பதிவுகளை நீக்கப் பணிக்கும் அதிகாரம் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. ஆய்வாளருக்குத் தரவு பெறும் உரிமை எதனையும் அது வகுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ தன் எண்ணிமச் சேவைகள் சட்டத்தில் அத்தகைய உரிமையைப் பெருந்தளங்களின் மேல் கடமையாகச் சுமத்தியுள்ளது. அழிக்கும் அதிகாரத்தை அரசும் மறைக்கும் அதிகாரத்தை நிறுவனமும் வைத்திருக்க, வாசிக்கும் உரிமை மாத்திரம் உரியவரின்றிக் கிடக்கின்றது.

6

இதுகாறும் கூறியவற்றில் குற்றவாளி வெளியே இருக்கிறார். முற்போக்கு ஆய்வாளரான எமக்கு இது வசதியான நிலை. சிங்களப் பேரினவாதத்தின் பதிவுகளை ஆராய நாம் தயங்குவதில்லை. எமது மொழியிலே எழுதப்படும் வெறுப்பை ஆராயும்போது எமது கை தளர்கின்றது.

ஆகஸ்ட் மாதம் வரும்போதெல்லாம் இக்கரையோரத்தின் முகநூற் பக்கங்கள் 1990ஐ நினைவுகூர்கின்றன. ஒரு சாராரின் பக்கங்களில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கொல்லப்பட்டோர். மற்றச் சாராரின் பக்கங்களில் வீரமுனையில் கொல்லப்பட்டோர். இரண்டும் சில நாள் இடைவெளியில் நிகழ்ந்தவை. இரண்டும் தமிழிலேயே எழுதப்படுகின்றன. தாய், பிள்ளை, பாய், இரத்தம், கிணறு என்று சொற்களும் ஒன்றே. ஆயினும் ஒரு நினைவிலிருந்து மற்றதற்குச் செல்லும் தொடுப்பு அரிதாகவே இடப்படுகின்றது. அத்தகைய தொடுப்பை இடத் துணிபவர் தம் சொந்தச் சமூகத்தாராலேயே பின்னூட்டத்தில் வசைபாடப்படுகின்றார். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நிகழ்ந்தபோது, நிருவாக எல்லை பற்றிய ஒரு பிரச்சினை இரு சாராரது பக்கங்களிலும் முழுச் சமூகத்தின் மேலும் தொடுக்கப்பட்ட குற்றப்பத்திரமாக மாறியமையையும் நாம் கண்டோம். அதே ஆண்டு ஏப்ரல் 21இன் குண்டுவெடிப்புகளுக்கும் சாய்ந்தமருதில் நிகழ்ந்த மோதலுக்கும் பின் இரு மாதங்களே கழிந்திருந்தன என்பதையும் சேர்த்தே இதனை வாசிக்கவேண்டும்.

வலைப்பின்னல் வரைபடம் வரையும் மென்பொருள் இருக்கும் தொடுப்புகளைக் கோடுகளாகக் காட்டும். இல்லாத தொடுப்பை அது காட்டாது. அதனைக் காண்பதற்கு வரலாறு தெரிந்திருக்கவேண்டும். அக்கிராமத்திலும் இக்கிராமத்திலும் இருந்து கேட்டிருக்கவேண்டும். வயலில் ஒரே வாய்க்கால் நீரைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகள் திரையில் ஒருவரையொருவர் தொடுக்காமலிருப்பது ஏன் என்பதே இப்பிரதேசத்தின் தலையாய ஆய்வு வினா எனலாம்.

மொழி பற்றிய அறிவின் முக்கியத்துவமும் இங்கேயே தோன்றுகின்றது. இக்கரையோரத் தமிழ் அரபெழுத்திலும் எழுதப்பட்ட மரபுடையது. இன்று அது உரோம எழுத்திலும் பேச்சுவழக்கிலும் குரற்பதிவிலும் வாழ்கின்றது. எழுத்துத் தமிழின் அகராதியைக் கொண்டு சொற்களை எண்ணும் மென்பொருளுக்கு மட்டக்களப்புத் தமிழின் ஏளனமும் வேடிக்கையும் முஸ்லிம் வழக்கின் பரிவும் அகப்படா. தவறாக வாசிப்பதன் விளைவு ஆய்வேட்டின் பிழையோடு நின்றுவிடுவதுமில்லை. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமது ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதி தொடர்பாக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் கூறப்பட்ட அக்கவிதைகள் வன்முறையை எதிர்ப்பவை என்பதைத் தமிழ் அறிந்தோர் எடுத்துக்காட்டினர். 2021 டிசம்பரில் பிணை கிடைக்கும்வரை அவர் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அது அச்சு நூல், முகநூற் பதிவன்று. ஆயினும் வரியைச் சூழலிலிருந்து பெயர்த்தெடுக்கும் வாசிப்பு இரு இடத்திலும் ஒன்றே. இலக்கிய விமர்சனம் ஒருவரின் சுதந்திரத்தோடு தொடர்புடைய தொழில் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

7

அவ்வாறாயின் செயலமர்வுகள் வேண்டாமா என்ற கேள்வி எழலாம். வேண்டும், ஆனால் அவற்றின் ஒழுங்கு தலைகீழாக்கப்படவேண்டும்.

முதலமர்வு கருவியோடு அன்றி, ஒரு நிகழ்வோடு தொடங்கவேண்டும். அம்பாறைக் காணொளி போன்ற ஒன்றை எடுத்து, அது பிறந்த மண்ணின் நிலவுறவு, வணிகம், மொழி என்பவற்றையும், அது பரவிய தளத்தின் உடைமையையும் மாணவர் முதலில் ஆராயவேண்டும். பேராசிரியர் சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடல் ஊடகமாக நோக்கி 1981இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்மாதிரி. திரைக்கருவியின் நுட்பத்தை அறியாது அவர் எழுதவில்லை. ஆனால் கொட்டகையில் யார் அருகில் யார் அமர்ந்தார் என்ற கேள்வியிலிருந்தே அவரது நோக்கு விரிந்தது.

இரண்டாவதாக, ஆவணப்படுத்தல் இடைநிகழ்ச்சியாக அன்றி ஆய்வின் மையமாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2004இன் கடற்கோளில் இக்கரையோரத்து வீடுகளோடு கையெழுத்துப் பிரதிகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம், நிறுவன முதலின்றித் தன்னார்வலர் உழைப்பால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி எல்லாருக்கும் திறந்துவைத்தது. தொடுப்பு பொதுவுடைமையாக இருக்க முடியும் என்பதற்கு எம் கண்முன் உள்ள சான்று அது. திரைப் பதிவுகளும் குரற்பதிவுகளும் அவ்வாறே, எழுதியோரின் இசைவோடும் பெயர் மறைப்போடும், இப்பிரதேசத்திலேயே பேணப்படவேண்டும். சாதாரண மக்களின் பதிவை ஆய்வுக்கு எடுப்போர் அவர்களைக் காட்டிக்கொடுப்போராக மாறக்கூடாது என்பதும் இந்நாட்டில் மிகையான எச்சரிக்கையன்று.

மூன்றாவதாக, ஒரு சாராரின் மாணவர் மட்டும் அமர்ந்து இவ்வாய்வைச் செய்ய முடியாது. ஆலையடிவேம்பு மாணவியின் உறவினர் குழுவில் வரும் குரற்பதிவும் அக்கரைப்பற்று மாணவனின் உறவினர் குழுவில் வரும் குரற்பதிவும் ஒரே மேசையில் வைத்துக் கேட்கப்படவேண்டும். அம்மேசையில் நிகழக்கூடிய சங்கடத்தையும் மௌனத்தையும் எந்தத் தரவகமும் தராது. கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்றவரான காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளின் மண்ணில், புதிய துறைக்குரிய சொற்களையும் இவ்விரு மாணவருமே ஆக்கட்டும். மீயுரை என்ற சொல் நிலைக்குமோ வேறு சொல் நிலைக்குமோ என்பதைப் பயில்வோரின் நா தீர்மானிக்கும்.

தொழினுட்பத்தைக் கண்டு அஞ்சுவதும் அதனை வழிபடுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். அச்சியந்திரம் வந்தபோது எமது முன்னோர் அதனை வியந்ததோடு நில்லாது, சுவடியை மடத்திலிருந்து மக்களிடம் கொண்டுவந்தனர். இன்றைய கடமை அதனினும் கடினமானது. சுவடி குறைவாயிருந்த காலத்தில் அவர்கள் உழைத்தனர். எழுத்து வெள்ளமாய்ப் பெருகி, அதன் மடையைப் பிறர் திறந்து மூடும் காலத்தில் நாம் உழைக்கின்றோம். மடை யார் கையில் என்று கேட்பது விவசாயிக்குத் தெரிந்த முதற்கேள்வி. ஆய்வாளனும் அக்கேள்வியிலிருந்தே தொடங்கவேண்டும்.